பழைய துணியும் புதுத்துணியும் கலந்து ஒட்டுப்போர்வை தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலமாரியில் கிடக்கும் பழைய சட்டை, சேலை, படுக்கை விரிப்பு, அவற்றோடு கொஞ்சம் புதுத்துணி. இவற்றை வெட்டிச் சேர்த்து ஒரு போர்வை தைக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நேராகத் தைக்கத் தெரிந்தால் போதும், மற்றது கைப்பழக்கத்தில் வந்துவிடும்.

பேட்ச்வொர்க், குயில்ட் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிய துணியாக்குவது பேட்ச்வொர்க். அதை மேலே வைத்து, நடுவில் பஞ்சு ஷீட்டோ கம்பளியோ கொடுத்து, அடியில் ஒரு முழுத்துணி போட்டு, மூன்றும் நகராதபடி ஊடே தைத்தால் அது குயில்ட். நடு அடுக்கே இல்லாமல் இரண்டு துணி மட்டும் வைத்தும் தைக்கலாம். வெயில் காலத்துக்கு அது போதும்.

பழையதையும் புதியதையும் ஒரே போர்வையில் கலக்கலாமா? சீக்கிரம் கிழிந்துவிடாதா?

தாராளமாகக் கலக்கலாம். பலரும் நிறம் பொருந்துமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். நிறத்தை எப்படியும் சமாளித்துவிடலாம், சமாளிக்க முடியாதது துணியின் வலுவும் சுருக்கமும்தான்.

பல முறை துவைத்த காட்டன் சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி முடிந்திருக்கும், வெளுக்க வேண்டியதும் பெரும்பாலும் வெளுத்திருக்கும். கடையிலிருந்து வந்த புதுக் காட்டன் முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கலாம். ஒரு மீட்டரில் அது 3 முதல் 5 சென்டிமீட்டர். இரண்டையும் அப்படியே இணைத்துத் தைத்தால் முதல் சலவையில் புதுத்துண்டு உள்ளே இழுக்கும், பழைய துண்டு பக்கத்தில் பொம்மிக்கொண்டு நிற்கும். அதனால் கத்தரியைத் தொடும் முன் எல்லாத் துணியையும் ஒரே மாதிரி துவைத்து, ஒரே மாதிரி காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். பின்னால் போர்வையை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே இப்போதும் துவைக்க வேண்டும்.

அடுத்தது வலு. நைந்த துணியை முரட்டுப் புதுத்துணிக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்தால் இழுவை முழுவதும் நைந்த பக்கம்தான் விழும். தையல் பிரியாது, தையலை ஒட்டிப் பழைய துணி கிழியும். ஏறக்குறைய ஒரே தடிமன் உள்ள துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

பழைய துணியில் எது தேறும், எது தேறாது?

ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சட்டையின் முழங்கைப் பகுதி, காலர் மடிப்பு, பேன்ட்டின் முழங்கால், படுக்கை விரிப்பின் நடுப்பகுதி ஆகிய இடங்களில் நூல் தேய்ந்து வலைபோலத் தெரியும். அதைத் தவிர்த்து ஓரங்களில் வெட்டிக்கொள்ளலாம். பழைய விரிப்பில் தலைமாட்டுப் பக்கமும், மெத்தைக்கு அடியில் செருகியிருந்த ஓரமும் புதுசுபோலவே இருக்கும்.

அப்புறம் இழுத்துப் பாருங்கள். இரண்டு கட்டை விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துணியை நறுக்கென்று இழுக்க வேண்டும். நீளவாக்கில் ஒரு முறை, குறுக்கில் ஒரு முறை. 'சர்ர்' என்ற சத்தம் கேட்டாலோ நூல்கள் விலகி நின்றாலோ அந்தத் துணி போர்வைக்கு ஆகாது, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அழகான துணியை விட மனம் வராதுதான். மிகவும் பிடித்திருந்தால் அடியில் மெல்லிய ஃப்யூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி) ஒட்டி, சுவரில் தொங்கவிடும் படத்துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கறை இருந்தால் அந்த இடத்தை விட்டு வெட்டலாம். துரு படிந்த இடம் மட்டும் ஆகவே ஆகாது. துரு நூலை அரித்து அந்த இடத்தில் ஓட்டை போட்டுவிடும்.

லேபிள் இல்லாத துணி காட்டனா பாலியெஸ்டரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓரத்தில் சில நூல்களை உருவி, இடுக்கியில் பிடித்து, ஓர் உலோகத் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாடை வந்து, பொடியாக உதிரும் சாம்பல் மிஞ்சினால் காட்டன், லினன் அல்லது ரேயான். சுருண்டு உருகி, ஆறியதும் நசுக்க முடியாத கெட்டி மணியாக நின்றால் பாலியெஸ்டர். முடி கருகும் வாடை அடித்தால் கம்பளி அல்லது பட்டு. சாம்பலும் இருக்கிறது, கெட்டியாகவும் ஏதோ மிஞ்சுகிறது என்றால் கலப்புத்துணி. ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் தண்ணீரோடு செய்யுங்கள். பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

கலப்புத்துணியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் குறைக்க மட்டும் மறக்காதீர்கள்.

யாரோ உடுத்திய துணியை வாங்கியிருக்கிறேன். மூட்டைப்பூச்சி, வாடை எல்லாம் வருமோ?

வீட்டுக்குள் கொண்டுவந்ததும் மெத்தை மேலோ சோபா மேலோ போடாதீர்கள். வாய் கட்டிய பிளாஸ்டிக் பையிலிருந்து நேராகச் சலவைக்குப் போகட்டும். துணி தாங்கும் என்றால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் சாகும். வெந்நீர் தாங்காத துணியை டிரையரில் நல்ல சூட்டில் அரை மணி நேரம் சுற்றலாம், அதற்கும் லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சை வாடை வெயிலிலும் காற்றிலும் போய்விடும். கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை படிந்து, துவைத்தும் போகாத துணியை நான் எடுப்பதில்லை.

சாயம் போகுமா என்று எப்படிச் சோதிப்பது? உப்பும் வினிகரும் போட்டால் நிற்கும் என்கிறார்களே?

துணியின் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணிமேல் வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் சாயம் போகும். அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் சோதிக்காமல் விடவே கூடாது, புதுத்துணியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

உப்பு, வினிகர் விஷயத்தை எல்லோரும் சொல்கிறார்கள். காட்டன் விஷயத்தில் அது பலிக்காது. சாயத் தொட்டியில் உப்பு சேர்ப்பது சாயத்தை நூலுக்குள் தள்ளுவதற்கு. சாயமிட்டு முடிந்த துணியை அதில் ஊறவைத்தால் ஒன்றும் பிடித்துக்கொள்ளாது. வினிகர் போன்ற அமிலம் கம்பளி, பட்டுக்கான சில சாயங்களுக்கு உதவும், காட்டன் சாயம் வேறு வகை. உண்மையில் செய்ய வேண்டியது, மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் உபரிச் சாயத்தைக் கழுவி வெளியேற்றுவதுதான். நிறைய வெந்நீர், கொஞ்சம் சோப்புத்தூள், தனி வாளி. தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். எத்தனை முறை அலசியும் தண்ணீர் தெளியவில்லை என்றால் அந்தத் துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் மட்டுமில்லை, போர்வையிலேயே வைக்காதீர்கள்.

டி-சர்ட், ஜீன்ஸ், பட்டு இதெல்லாம்?

டி-சர்ட் துணி இழுபடும். வெட்டும் முன் பின்பக்கம் ஃப்யூசிங் ஒட்டினால் காட்டன் மாதிரி அடங்கி நிற்கும். ஒட்டாமல் தைத்தால் சதுரம் சதுரமாக இருக்காது.

ஜீன்ஸை ஜீன்ஸோடு தைப்பதே நல்லது. 100/16 அளவு ஜீன்ஸ் ஊசி போடுங்கள், தையலைப் பின்பக்கம் இரண்டாக விரித்து அழுத்துங்கள், நடுவில் பஞ்சு வைக்காதீர்கள். அப்படியும் கனமாகத்தான் இருக்கும். தரையில் விரித்து உட்கார அதைவிட நல்லது கிடையாது.

பட்டு, ஜரிகை இரண்டையும் தினசரிப் போர்வையில் கலக்க வேண்டாம். ஜரிகை பக்கத்துத் துணியைக் குத்திக் கிழிக்கும், பட்டு அடிக்கடி சலவையைத் தாங்காது.

எவ்வளவு துணி தேவைப்படும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 இஞ்ச் சதுரமாக வெட்டுகிறோம். நான்கு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குப் போனால் மிஞ்சுவது நாலரை இஞ்ச். குறுக்கே 12, நீளத்தில் 16 வைத்தால் 54க்கு 72 இஞ்ச், ஒருவர் போர்த்திக்கொள்ளும் அளவு. மொத்தம் 192 சதுரங்கள். 42 இஞ்ச் அகலத் துணியில் ஒரு வரிசைக்கு 8 சதுரம் வரும், ஆக 24 வரிசை, 120 இஞ்ச் நீளம். அதாவது மூன்று மீட்டரும் சொச்சமும். பழைய துணியில் மூலை முடுக்கு வீணாகும் என்பதால் இன்னும் ஒரு மீட்டர் அளவுக்குக் கூடவே கையில் இருக்கட்டும்.

அடித்துணி நான்கு பக்கமும் 4 இஞ்ச் கூடுதலாக, 62க்கு 80 இஞ்ச் வேண்டும். ஒரு நல்ல படுக்கை விரிப்பு போதும். கையால் தைப்பவர்கள் மட்டும் நெருக்கமான நெசவுள்ள விரிப்பைத் தவிர்க்கலாம், ஊசி இறங்காமல் விரல் போய்விடும்.

ஒரு சட்டையை எப்படிப் பிரிப்பது?

தையல் தையலாகப் பிரித்துக்கொண்டு உட்கார வேண்டாம். அந்த நேரத்தில் பத்து சதுரம் வெட்டிவிடலாம். தையலுக்குப் பக்கத்திலேயே கத்தரியால் வெட்டி எடுத்துவிடுங்கள்.

முதலில் பொத்தான்களை எடுத்து ஒரு டப்பாவில் போடுங்கள். பிறகு காலரையும் கைப்பட்டியையும் வெட்டி ஒதுக்குங்கள். அவற்றுக்குள் கேன்வாஸ் ஒட்டியிருக்கும், அதனால் உதவாது. பக்கவாட்டுத் தையலை ஒட்டி மேலிருந்து கீழே வெட்டினால் முதுகு ஒரே பலகையாக வரும். அதுதான் சட்டையின் பெரிய வரவு. நல்ல பெரிய சட்டையில் முதுகு மட்டுமே 5 இஞ்ச் சதுரம் 20 வரை கொடுக்கும். கையை அடித்தையலில் திறந்து விரித்தால் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருக்கும். அதன் நடுக்கோட்டை நூல் வழியாகப் பிடித்து, அங்கிருந்து சதுரம் போடுங்கள். தோள்பட்டையில் இரட்டைத் துணி இருக்கும், அதை இரண்டாகப் பிரித்தால் சிறு துண்டுகள் கிடைக்கும். சட்டைப் பையை எடுத்துப் பார்த்தால் அடியில் வெளுக்காத நிறம் அப்படியே இருக்கும். அந்த நிழலையும் சேர்த்து வெட்டினால் போர்வையில் தனி அழகு.

கவனிக்க வேண்டியது பாவும் ஊடையும், அதாவது நீள நூலும் குறுக்கு நூலும். சதுரத்தின் ஓரம் நூலுக்கு இணையாக ஓட வேண்டும். சட்டை எந்தப் பக்கம் சாய்ந்து வெட்டப்பட்டிருக்கிறது என்பதை நம்பாதீர்கள், நூலைப் பாருங்கள். கிராஸாக வெட்டிய துண்டு தைக்கும்போதே நீண்டுவிடும். மெல்லிய பழைய துணிக்கு வெட்டும் முன் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் காகிதம்போல நிற்கும், அளவும் பிசகாது.

நிறங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கின்றனவே?

நிறத்தைவிட வெளிர், அடர் வித்தியாசம்தான் கண்ணில் படும். துண்டுகளைத் தரையில் பரப்பி, போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் தைத்த பிறகும் மந்தமாகத்தான் இருக்கும். சில அடர்த்துண்டுகளும் சில வெளிர்த்துண்டுகளும் சேர்த்ததும் உயிர் வந்துவிடும்.

புதுத்துணியின் வேலை இங்கேதான் வருகிறது. பழைய துணிகளில் பூ, கோடு, கட்டம் என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுக்கும். எல்லாவற்றுக்கும் நடுவே ஒரே நிறத்தில், டிசைன் இல்லாத புதுத்துணி ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் கண் இளைப்பாறும், மற்றவை ஒரே குடும்பமாகிவிடும். கட்டங்களுக்கு இடையில் பட்டையாகவோ, மாற்றி மாற்றி வரும் சதுரமாகவோ, ஓரப் பட்டியாகவோ அதைக் கொடுக்கலாம். புதுத்துணிக்குச் செலவழிப்பதாக இருந்தால் விதவிதமான பிரிண்ட்டுகளில் போடாதீர்கள், இந்த ஒரு துணியில் போடுங்கள். பளீர் வெள்ளை வேண்டாம். வெளுத்த பழைய துணிகளுக்குப் பக்கத்தில் அது கண்ணைக் குத்தும். சந்தனம், மங்கிய வெள்ளை, சாம்பல் எல்லாம் அடங்கி நிற்கும்.

கோடு நேராக வராவிட்டால் அசிங்கமாக இருக்காதா?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், நைந்த வேலை உடுப்புகளையும் ஜீன்ஸையும் வெட்டி, கோணல்மாணலான பட்டைகளில் போர்வை தைத்தவர்கள். குளிருக்காகத் தைத்த அந்தப் போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தார்கள். 2006இல் அவை அஞ்சல்தலைகளாகவும் வந்தன. முழங்கால் தேய்ந்த பேன்ட்டின் வெளுத்த திட்டுகூட அவற்றில் வடிவத்தின் பகுதியாகவே நிற்கிறது. கோணல் பிரச்சினை இல்லை. தட்டையாகப் படியாமல் மேடு பள்ளமாக இருந்தால்தான் பிரச்சினை, அது தையல் அளவில் வரும் கோளாறு.

அந்தக் கால் இஞ்ச் அளவு அவ்வளவு முக்கியமா?

ஆமாம். ஒவ்வொரு தையலிலும் நூலளவு பிசகினாலும் 12 சதுரம் சேரும்போது வரிசைக்கு வரிசை நீளம் மாறும். சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் தையலுக்கு அதிகமாக விடுகிறீர்கள், கூடினால் குறைவாக விடுகிறீர்கள். சரியான இடம் கிடைத்ததும் மெஷின் தட்டின்மேல் அந்தக் கோட்டில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

பிரிந்து வரக்கூடிய தளர்ந்த நெசவுள்ள பழைய துணிக்கு மட்டும் கால் இஞ்ச் போதாது. அப்படி நிறைய இருந்தால் எல்லாவற்றுக்கும் அரை இஞ்ச் விட்டு வெட்டுங்கள். பாதிக்கு ஒன்று, பாதிக்கு மற்றொன்று என்று கலக்காதீர்கள். தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர், ஊசி 80/12.

இஸ்திரி ஒவ்வொரு தையலுக்கும் போட வேண்டுமா?

போட வேண்டும். பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், வைத்து அழுத்தி எடுங்கள். ஒரு வரிசையில் தையல் விளிம்புகளை எல்லாம் இடப்பக்கம் சாய்த்தால் அடுத்த வரிசையில் வலப்பக்கம் சாயுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், மூலைகள் தாமாகவே பொருந்தும்.

நடுவில் என்ன வைக்கலாம்?

கடையில் விற்கும் காட்டன் அல்லது பாலியெஸ்டர் பஞ்சு ஷீட், பழைய மெல்லிய கம்பளி, ஃபிளானல் துணி, எதுவும் ஆகும். பழைய கம்பளியை முதலில் துவைத்துச் சுருக்கிவிடுங்கள். பஞ்சு ஷீட் வாங்கினால் எத்தனை இஞ்ச் இடைவெளியில் தைக்க வேண்டும் என்று உறையில் போட்டிருப்பார்கள். சிலதுக்கு 2 இஞ்ச், சிலதுக்கு 8, 10 இஞ்ச்வரை போகும். அதை மீறினால் சலவையில் பஞ்சு திரண்டு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

மூன்று அடுக்கையும் சுருக்கமில்லாமல் எப்படிச் சேர்ப்பது?

அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். விறைப்பாக இருந்தால் போதும், இழுத்துப் பிடிக்காதீர்கள். மேலே பஞ்சு, அதன் மேல் பேட்ச்வொர்க். நடுவிலிருந்து வெளியே தடவிக்கொண்டே போய், ஒரு கையகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள். நூலால் பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டாலும் சரி. மெஷினில் தைக்கும்போதும் நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு வாருங்கள். மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஒரே வேகத்தில் நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் வேலை பாதியாகும். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டராக்கிக்கொள்ளுங்கள்.

மெஷின் இல்லை. கையால் முடியுமா?

முடியும். துண்டுகளைச் சேர்க்க, ஊசியை மேலும் கீழும் விட்டுப் போகும் ஓட்டுத்தையல் போதும், நாலைந்து தையலுக்கு ஒரு முறை ஊசியைப் பின்னால் கொண்டுபோய்க் குத்தும் பின்தையல் போட்டால் பிரியாது. மூன்று அடுக்கையும் சேர்ப்பதற்குக் குட்டையான ஊசியும், ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் திம்பிள் என்ற உறையும் வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லை என்றால் முடிச்சுப் போடுங்கள். தடித்த காட்டன் நூலை ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் மூன்று அடுக்கும் சேர இறக்கி ஏற்றி, இரட்டை முடிச்சிட்டு, அரை இஞ்ச் விட்டு வெட்டிவிட வேண்டியதுதான். இரண்டு மாலைப் பொழுதில் ஒரு போர்வை முடிந்துவிடும்.

ஓரத்தை எப்படி முடிப்பது?

இரண்டரை இஞ்ச் அகலப் பட்டைகளைச் சேர்த்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, முன்பக்கம் தைத்து, பின்பக்கம் திருப்பி ஹெம்மிங் செய்யுங்கள். மூலைக்குக் கால் இஞ்ச் முன்னால் நிறுத்தி, பட்டையை மேல்நோக்கி மடித்து மறுபடி கீழே கொண்டுவந்தால் மூலை கூராக வரும். மேலே சொன்ன அளவுக்கு 42 இஞ்ச் பட்டைகள் 7 வேண்டும், அரை மீட்டர் துணி. எல்லாப் போர்வையிலும் முதலில் நைவது ஓரம்தான். அதனால் இதற்கு மட்டும் புதுத்துணி போடுங்கள்.

கைக்குழந்தைக்குத் தைத்துக் கொடுக்கலாமா?

ஒரு வயது முடியும்வரை தூங்கும் இடத்தில் குயில்ட் போன்ற தளர்வான போர்வை இருக்கக் கூடாது. மூச்சடைக்கும் ஆபத்து இருக்கிறது. பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது தரையில் விரித்து விளையாட விடலாம். பொத்தானும் முடிச்சும் வைக்க வேண்டாம்.

இறந்துபோன ஒருவரின் உடைகளை இதில் சேர்க்க ஆசை. வெட்ட மனம் வரவில்லை.

அவசரப்பட்டு வெட்டாதீர்கள். வெட்டத் தயாரானதும், எல்லா உடையையும் வெட்டாமல் ஒன்றிரண்டை முழுசாக ஒதுக்கி வையுங்கள். மற்றதில் சட்டைப் பை, பொத்தான் பட்டி, காலர் ஓரக் கோடு என்று அவரை ஞாபகப்படுத்தும் இடங்களைத் தேடி எடுங்கள், வெறும் முதுகுத்துணியைவிட அவை அதிகம் பேசும். வாடைக்காகத்தான் அந்த உடையை வைத்திருக்கிறீர்கள் என்றால் அதைப் போர்வையில் சேர்க்காதீர்கள், துவைத்ததும் அது போய்விடும். தினமும் போர்த்தினால் இந்தத் துணி சில வருடங்களில் நையும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அதுதான் வேண்டும், சிலருக்குத் தாங்காது.

தைத்த பிறகு எப்படித் துவைப்பது? நடுவில் ஒரு துண்டு கிழிந்தால்?

குளிர்ந்த தண்ணீர், மிதமான சோப்பு, கொஞ்ச நேர அலசல். ஈரத்தில் குயில்ட் நல்ல கனம் கனக்கும். ஒரு முனையில் தொங்கவிட்டால் தையல்கள் இழுபடும். இரண்டு மூன்று கொடிகளில் பரப்பிப் போடுங்கள், அல்லது நிழலில் தட்டையாக விரியுங்கள்.

கிழிந்த துண்டைப் பிரித்தெடுக்க வேண்டாம். அதன் அளவைவிட எல்லாப் பக்கமும் கால் இஞ்ச் பெரிதாக வேறு துணியை வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, கிழிசலின் மேலேயே வைத்து நுண்ணிய ஹெம்மிங்காகத் தைத்துவிடுங்கள். பழைய தையல் கோடு எங்கே ஓடியதோ அதே வழியில் மூன்று அடுக்கும் சேர ஒரு ஓட்டுத்தையல் கொடுத்தால் ஒட்டு தனியாகத் துருத்தாது. இதற்காகவே மீந்த துண்டுகளில் கொஞ்சத்தை ஒரு பையில் போட்டு, போர்வையைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் கூடவே துவைத்து வையுங்கள். அப்போது அவையும் அதே அளவுக்கு வெளுத்திருக்கும்.